உறக்கமும் உழைப்பும்: சித்தூர், திருப்பதி இல்லங்களுக்கு ஒரு பாடம்

உழைப்பின் திறனை உயர்த்தும் காரணிகளாக உணவு, கல்வி, மருத்துவ வசதி ஆகியவை பேசப்படுகின்றன. உறக்கம் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆயினும் நாளின் மூன்றில் ஒரு பகுதி உறக்கத்திற்கே உரியது. அதனை ஒழுங்கு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் இல்லத்தையே சார்ந்தது.

ஒரே வீட்டில் பல கடிகாரங்கள்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். திருமலையில் சுப்ரபாத சேவை விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. யாத்திரிகர்களை நம்பிப் பூ, உணவு, விடுதி, போக்குவரத்துத் தொழில்களில் ஈடுபட்டோர்க்கு இரவும் வேலை நேரமே. சிற்றூர்களில் கறவை மாடு வளர்ப்போர் காலைப் பால் சேகரிப்புக்கு முன் எழவேண்டும். ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் ஷிப்டு முறை உண்டு. வெவ்வேறு நேரங்களில் பணிக்குச் செல்வோர் உள்ள வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவர் பெரும்பாலும் குடும்பத்தலைவியே.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமும், 6 முதல் 12 வயதினர்க்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். காலை 4.30 மணிக்குப் பால் கறக்க எழும் பெண் இரவு 10.30 மணிக்குப் படுத்தால் கிடைப்பது 6 மணி நேரமே. வாரத்தில் பற்றாக்குறை 7 மணி நேரம். அதாவது ஓர் இரவு முழுவதும் இழப்பாகிறது.

சென்னை ஆய்வு

படுக்கையில் கழியும் நேரம் அனைத்தும் உறக்கமன்று. சென்னையில் குறைந்த வருவாய்ப் பிரிவினரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று இதனை விளக்குகிறது. மணிக்கட்டில் அணிந்த கருவிகள் அவர்களது உறக்கத்தை அளந்தன. அவர்கள் சராசரியாக 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும், உறங்கியது 5.5 மணி நேரமே. அறிவுரை, ஊக்கம், படுக்கை வசதி ஆகியவற்றால் இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறன் உயரவில்லை. மாறாக, பிற்பகலில் பணியிடத்தில் கொண்ட சிறு துயில் திறனையும் மனநலத்தையும் உயர்த்தியது. அடிக்கடி கலையும் உறக்கத்திற்கு நேரத்தை மட்டும் கூட்டினால் போதாது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவதாக, எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாதிருத்தல் நன்று. உடலின் உட்கடிகாரம் காலை வெளிச்சத்தால் சீர்பெறுகிறது. இரண்டாவதாக, உறக்கத்தைக் கலைப்பவற்றைக் களைதல் வேண்டும். கொசுவலை, காற்றோட்டம், விளக்கணைத்த அறை ஆகியவை பெருஞ்செலவின்றி அமைபவை. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துவதும், மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்ப்பதும் பயன் தரும். மூன்றாவதாக, இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்க்கு இருளும் அமைதியும் கிடைக்க வீட்டார் ஒத்துழைக்க வேண்டும். நான்காவதாக, மாட்டுத் தொழுவ வேலையையும் சமையலறை வேலையையும் ஆண்கள் பகிர்ந்துகொண்டால், குடும்பத்தலைவி ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க இயலும். பகலில் அரைமணி நேரச் சிறு துயிலும் அவர்க்கு உதவும்.

வாரக்கணக்கில் தொடரும் உறக்கமின்மைக்கும், மூச்சுத் திணறலோடு கூடிய குறட்டைக்கும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பயிற்சி முகாம்களையும் மகளிர் குழுக் கூட்டங்களையும் திட்டமிடும் அலுவலர்கள், அதிகாலையில் எழும் குடும்பங்களின் நேரத்தைக் கருத்திற் கொள்ளுதல் நலம். வருவாயைப் போலவே உறக்கமும் குடும்பத்தில் நேர்மையாகப் பங்கிடப்பட வேண்டிய ஒரு வளமாகும்.