மூளைக்கும் உண்டு பயிற்சி

பக்கவாதத்தில் மாண்ட மூளை அணுக்கள் மீள்வதில்லை. பின் கை எவ்வாறு மீண்டும் அசைகிறது? பிழைத்த பகுதிகள் அப்பணியைக் கற்றுக்கொள்கின்றன. கற்பிக்கும் ஆசான் பயிற்சியே!

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன், கையிழந்தோரின் வலிக்கெனக் கண்ணாடிப் பயிற்சியை வகுத்தார். நல்ல கையைக் கண்ணாடிமுன் அசைத்தால் மறு கையே அசைவதாகக் கண் காணும். 1999-இல் அது பக்கவாதத்திற்கும் சோதிக்கப்பட்டது.

2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கை ஓரளவேனும் அசைந்த 222 நோயாளிகள் பங்கேற்றனர். நல்ல கைக்கு உறையிட்டு, இரு வாரம் தளர்ந்த கையையே பழக்கிய பிரிவினர் கூடுதலாகத் தேறினர்.

நாஞ்சில் நாட்டு வீடுகளில் வாதம் வந்தவருக்கு எண்ணெய் தடவுகிறோம், சோறும் ஊட்டுகிறோம். அன்புதான், ஆயினும் அக்கைக்கு வேலையில்லாமற் போகிறதே! மருத்துவர் இசைந்தபின், சிந்தினாலும் அவர் தம் கையாலேயே உண்ணட்டும்.