தூக்குமேடைப் படங்களும் தாமதமாக வந்த மன்னிப்பும்

மரண தண்டனைக் கைதியின் கதையைச் சொல்லும் படம் எத்தகையது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மன்னிப்பு ஆணை எப்போது வந்து சேர்கிறது என்று கவனித்தால் போதும். இந்த ஒரு கேள்வியோடு நான்கு படங்களைப் பார்ப்போம்.

மௌனப் படக் காலத்தில், 1916-இல், டி.டபிள்யூ. கிரிஃபித் 'இன்டாலரன்ஸ்' என்ற படத்தை எடுத்தார். அதில் ஒரு பகுதியில் குற்றமற்ற இளைஞனுக்குத் தூக்குத் தண்டனை. ஆளுநர் பயணம் செய்யும் ரயிலை ஒரு கார் துரத்திப் பிடிக்கிறது; தூக்குமேடையில் கடைசி நொடியில் மன்னிப்பு வந்துவிடுகிறது. பார்ப்பவர் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

பேசும் படம் வந்தபின் கேமரா கொட்டடிக்குள் நுழைந்தது. ஜான் வெக்ஸ்லியின் 1930-ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவி 1932-இல் 'தி லாஸ்ட் மைல்' வெளிவந்தது. மின்சார நாற்காலிக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை அறைகளே அதன் களம். சாவை விடக் காத்திருப்பதே பெரிய தண்டனை என்று அது காட்டியது.

1938-இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' படத்தில் மன்னிப்பு வருவதே இல்லை. ஜேம்ஸ் காக்னி நடித்த ரவுடியிடம், பாலிய நண்பரான பாதிரியார் ஒன்று கேட்கிறார்: "நீ கோழையாகச் சாக வேண்டும். அப்போதுதான் உன்னை வீரனாக நினைக்கும் தெருப் பிள்ளைகள் திருந்துவார்கள்." கடைசியில் அவன் கதறுகிறான். அது பயமா, நடிப்பா? படம் சொல்வதில்லை.

இம்மூன்றிலும் நம் மனம் கைதியோடு நிற்கிறது. கயிற்றைப் பிடிப்பவனைப் பற்றி நாம் நினைப்பதில்லை. அவனை நடுவில் நிறுத்தியவர் அடூர் கோபாலகிருஷ்ணன். இளையராஜா இசையமைத்த அவருடைய 'நிழல்குத்து' 2002-இல் வெளிவந்தது.

கதை நடப்பது 1940-களின் திருவிதாங்கூரில். ஆராச்சார் காளியப்பனாக ஒடுவில் உண்ணிகிருஷ்ணன் நடித்தார். தான் தூக்கிலிட்டவர்களில் ஒருவன் நிரபராதி என்ற எண்ணம் காளியப்பனை அரிக்கிறது. குடியில் ஆறுதல் தேடுகிறார். அவர் வீட்டுத் தூக்குக் கயிற்றைச் சுட்ட சாம்பலை ஊரார் மருந்தாக வாங்கிப் போகிறார்கள். மன்னரும் மன்னிப்பு அனுப்புகிறார். ஆனால் தூக்கிட்ட பிறகு வந்து சேரும்படி அனுப்புகிறார்! பாவம் மன்னரைச் சேராது; ஆராச்சார் தலையில் விழும். கிரிஃபித்தின் காரும் இந்த மன்னரின் தூதனும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். ஒன்று உயிரைக் காக்க ஓடுகிறது. மற்றொன்று மனச்சாட்சியைக் காக்க மெல்ல நடக்கிறது.

எனக்கு இது வெறும் சினிமாச் செய்தி அல்ல. எங்கள் ஊர் கம்பம்மெட்டு. மேட்டுக்கு மேற்கே அன்று திருவிதாங்கூர். கிழக்கே இறங்கினால் கம்பம், அன்றைய சென்னை மாகாணம். 1944-இல் திருவிதாங்கூர் மரண தண்டனையை ஒழித்தது. சென்னை மாகாணத்திலோ அது தொடர்ந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1951-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் வந்தபோது தூக்கும் திரும்பி வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே குற்றத்துக்கு மலையின் ஒரு பக்கம் சிறை, மறுபக்கம் கயிறு. ஏலக்காய்ச் சுமையோடு சில மைல் இறங்கினால் சட்டம் மாறிவிடும். சாக வேண்டியவன் யார் என்பதை நீதி மட்டுமல்ல, எல்லைக் கல்லும் தீர்மானித்தது.

இன்று கருணை மனு மன்னரிடம் போவதில்லை. அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரிடம் போகிறது. மக்களாட்சியில் அந்த ஆணை நம் பெயரால் பிறப்பிக்கப்படுகிறது, நிராகரிப்பும் அப்படியே. அப்படியானால் காளியப்பன் தனியே சுமந்த பாரத்தில் நமக்கும் பங்கு உண்டு அல்லவா?

வாய்ப்புக் கிடைத்தால் இந்நான்கு படங்களையும் இதே வரிசையில் பாருங்கள். முதல் படத்தில் "தப்பிப்பானா?" என்று கேட்கும் நம் மனம், கடைசிப் படத்தில் "கொல்வது யார்?" என்று கேட்கும்.