தொழுநோயும் தாய்மாரும்: சுங்கை பூலோவில் கற்ற பாடம்

சுங்கை பூலோவில் பூச்செடியும் தொட்டியும் விற்கும் நர்சரிகளைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வணிகம் செய்யும் நம் அன்பர்களில் பலர் அறிவர். அத்தொழிலை அங்கே வளர்த்தவர்கள் தொழுநோய்க் குடியிருப்பின் மக்கள் என்பதை அறிந்தவர் சிலரே. நோயாளிகளைக் கைதிகளைப் போல் அடைத்து வைத்தலாகாது என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். அவர் முயற்சியின் பயனாக 1930இல் அக்குடியிருப்பு வீடும் தோட்டமுமாக ஓர் ஊர் போலவே திறக்கப்பட்டது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. காசின் வழியாக நோய் பரவும் என்று பயந்து, சில காலம் தனி நோட்டுகளைக்கூட அங்கே புழங்கவிட்டார்கள். வணிகராகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

ஆனால் வேடிக்கையல்லாத ஒரு விதியும் இருந்தது. அங்கே பிறந்த குழந்தையைத் தாயிடம் விடமாட்டார்கள். பிறந்ததும் பிரித்துத் தனி இல்லத்தில் வளர்த்து, பின்பு உறவினரிடமோ தத்து எடுப்பவரிடமோ ஒப்படைத்து விடுவார்கள். மருந்தில்லாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள். இது பரம்பரை வியாதி அன்று, ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே கண்டறிந்திருந்தார். சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கிப் பழகினால் மூச்சுவழியே அது தொற்றும். ஆகவே குழந்தையைக் காக்க வேண்டுமானால் தாயைப் பிரிப்பதே வழி என்றார்கள். பெற்றவள் மனம் பட்ட பாட்டை எந்தப் பதிவேடும் கணக்கிட்டு வைக்கவில்லை.

இவ்விதியைத் தேவையற்றதாக்கியது மருந்துதான். 1940களின் இறுதியில் ஸல்போன் வகை மருந்துகள் வந்தன. அவற்றுள் டாப்ஸோன் பெயர் பெற்றது. நோய் ஒழிந்தது என்று பலரும் மகிழ்ந்திருக்க, சிலருக்கு மட்டும் மருந்து உண்டபோதே நோய் திரும்பியது. நோயாளி ஒழுங்காக மாத்திரை விழுங்கவில்லை என்று பழி சொல்வது எளிது. சுங்கை பூலோவில் ஆய்வு செய்த பெட்டிட் என்பவரும், லண்டனிலிருந்த ரீஸ் என்பவரும் அப்படிச் சொல்லிவிட்டு விலகவில்லை. இக்கிருமியோ சோதனைக் குழாயில் வளராது. சுண்டெலியின் பாதத்தில் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டாப்ஸோன் கலந்த தீனி தின்ற எலியிலும் சில நோயாளிகளின் கிருமி பெருகிற்று! மருந்துக்கு அடங்காத கிருமி உண்டு என்பது இவ்வாறு 1964இல் உலகுக்கு நிரூபணமாயிற்று. ஒரே மருந்தை நம்பக்கூடாது என்ற எண்ணம் வலுப்பெற்று, 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உண்டால் போதும். சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் அற்றுப்போகிறது.

தாய்மாரைப் பற்றிய அறிவு வேறோர் இடத்திலிருந்து வந்தது. சுங்கை பூலோ ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் பியர்சன் பின்னர் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்குச் சென்றார். அங்கே பிரசவ மருத்துவர் எலிசபெத் டங்கன் அம்மையார், அவருடனும் மற்றவருடனும் சேர்ந்து, 147 பெண்களின் 154 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் முடிவுகளை வெளியிட்டார். கர்ப்ப காலத்தில் புதிதாக நோய் தோன்றுவதும், குணமானவருக்குத் திரும்புவதும் உண்டு என்று அவர் கண்டார். வயிற்றுச் சிசுவை ஏற்றுக்கொள்வதற்காகத் தாயின் உடற்காவல் சற்றே தளர்கிறது. அந்தச் சமயம் பார்த்துக் கிருமி பெருகுகிறது. பிரசவத்திற்குப் பின் காவல் மீண்டு வந்து, நரம்புகளில் தங்கிய கிருமியைத் தாக்குகிறது. அந்தச் சண்டையில் நரம்பே கெடுகிறது. பல வேளை வலிகூட இராது.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் வரை கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறோம். நாற்பது கழிந்தால் அவள் பழையபடி அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இந்நோயுள்ள தாய்க்கோ, முன்பு இருந்து குணமான தாய்க்கோ, ஆபத்து பால் கொடுக்கும் மாதங்களிலும் தொடர்கிறது. சூடான பாத்திரம் கையில் பட்டும் சுடவில்லை என்கிறாளா, காற்செருப்பு நழுவுவது தெரியாமல் நடக்கிறாளா, உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தாமதமின்றி அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நரம்பு கெடத் தொடங்கிய சில மாதங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தந்தால் கையும் காலும் தப்பக் கூடும். மறைத்து வைத்தால் மடங்கிய விரல் நிமிராது. கடைச் சிப்பந்தியின் வீட்டில் இப்படி ஒன்று நேர்ந்தால், அவனை வேலையை விட்டு நிறுத்துவது நோயை ஒளிக்கச் சொல்வதற்குச் சமம் என்பதே நம் கருத்து.

கர்ப்பமென்றோ பால் கொடுப்பதென்றோ காரணம் சொல்லி இம்மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. மூன்று மருந்துகளுள் ஒன்றான குளோபாஸிமின் தோலில் நிறமேற்றும். பால் குடிக்கும் குழந்தையின் மேனியும் சற்று நிறம் மாறலாம். மருந்து நின்றபின் அது மெல்ல மறைந்துவிடும். அதைக் கண்டு மிரண்டு, குழந்தையைத் தாயிடமிருந்து யாரும் பிரிக்க வேண்டாம்.