இரவல் தடத்தில் ஓட்டப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

முதல் ஸ்பீட்வே பைக் பந்தய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவே உன் செய்தியும் வந்தது: "எங்கள் அணிக்குச் சொந்த ஸ்டேடியம் இல்லை மாமா, ஹோம் மேட்ச்சும் இன்னொரு கிளப்பின் தடத்தில்தான். எங்கே ஓட்டினால் என்ன, நாலு சுற்றுதானே?" அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போன்ற நிலையில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நாலு சுற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிரேக் கிடையாது, ஒரே கியர், மெத்தனாலில் ஓடும் 500 சிசி எஞ்சின். ஹீட்டுக்கு நான்கு பேர், அணிக்கு இரண்டு பேர், முதலில் வருபவனுக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. இப்படி 15 ஹீட். இதெல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுதான். மண் மட்டும் ஒன்றல்ல. ஒரு தடத்தின் வளைவு கொண்டையூசி போல் மடங்கும், இன்னொன்று வட்டமாக விரிந்து போகும். ஒரு கிளப்பில் ஷேல் மண்ணை ஆழமாகப் போட்டு நனைத்து வைப்பார்கள், இன்னொன்றில் வழவழவென்று இறுக்கி வைப்பார்கள். தடத்தைப் பராமரிக்கிறவர் தன் அணியின் ரைடர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துதான் டிராக்டரை ஓட்டுகிறார். சொந்தத் தடத்தின் பலம் கைதட்டலில் இருப்பதைவிட அந்த டிராக்டரில்தான் அதிகம் இருக்கிறது.

உன் நிலைமையை யோசித்துப் பார். ஹோம் அணி என்பதால் உனக்குச் சிவப்போ நீலமோ ஹெல்மெட் உறை தருவார்கள். ஆனால் வேலியில் இருப்பது வேறொரு கிளப்பின் பெயர், தடத்தைத் தயார் செய்தவர் வேறொருவரின் ஊழியர். எதிரணியில் வெள்ளை உறை போட்டு உன் பக்கத்தில் நிற்பவன் மேல் டிவிஷனில் அதே ஸ்டேடியத்தின் அணிக்கே ஓட்டுகிறவனாகவும் இருக்கலாம். அப்போது உன் ஹோம் மேட்ச் அவனுக்குத்தான் ஹோம் மேட்ச்.

ஆகவே முதல் வேலை, நட. மேட்ச் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய்த் தடத்தை ஒரு முழுச் சுற்று நடந்து பார். போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதே. முதல் வளைவின் நடுவில் நின்று குதிகாலால் மண்ணைக் கிண்டு. மேலே ஈரம், கீழே கல் போல இறுக்கம் என்றால் நாலைந்து ஹீட்டுக்குள் உள்கோடு வழுக்கத் தொடங்கும். தளர்ந்த மண்ணை டயர்கள் வெளிப்பக்கமாக வாரி எறிந்துகொண்டே இருப்பதால், ஏழாவது எட்டாவது ஹீட்டில் வேலியோரம் ஒரு கரை சேர்ந்திருக்கும். பிடிப்பு அங்கேதான் கிடைக்கும். டிராக்டர் வந்து வாரிவிட்டால் கணக்கு மறுபடி மாறும். இரண்டாம் வளைவுக்கும் இதையே செய், இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று நினைக்காதே. பிறகு நான்கு தொடக்கக் கேட்களிலும் டேப்புக்குக் கீழே நின்று பார். எதில் பள்ளம் விழுந்திருக்கிறது, எதில் பின்சக்கரத்துக்கு நல்ல மண் இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். இதையெல்லாம் எழுதி வை: அன்றைய வானிலை, போட்ட ஸ்ப்ராக்கெட், எந்த ஹீட்டில் எந்தக் கேட்டிலிருந்து கிளம்பியவன் ஜெயித்தான். சொந்தத் தடம் உள்ள பையனுக்கு இது உடம்பிலேயே ஊறிப்போயிருக்கும். உனக்கு நோட்டுப் புத்தகம்தான் துணை.

தடத்தைப் பராமரிக்கிறவரிடம் போய்ப் பேசு. அவர் உன் கிளப்பின் ஆள் இல்லைதான். ஆனால் மரியாதையாகக் கேட்கிற பையனுக்கு, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மூலை வெயிலில் சீக்கிரம் காய்கிறது என்பதை மறைக்கிற பராமரிப்பாளரை நான் பார்த்ததில்லை.

இனி நீ கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். இரவல் தடத்தில் நன்றாக ஓட்டக் கற்றுக்கொள், ஆனால் இரவலே போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

கிரேட்லி ஹீத் அணியின் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டட்லி வுட் ஸ்டேடியத்தில் 1947 முதல் ஓட்டியவர்கள். 1981, 1982 இரண்டு ஆண்டும் உலக சாம்பியனான புரூஸ் பென்ஹால் அவர்களுடைய ரைடர். மூன்று முறை உலகப் பட்டம் வென்ற எரிக் குண்டர்சனும், 1991-இல் வென்ற யான் ஓ. பெடர்சனும் அங்கே ஓட்டியவர்கள்தான். இவ்வளவு பெரிய கிளப்பின் ஸ்டேடியம் 1995 சீசனோடு பறிபோயிற்று. வீடு கட்ட நிலம் வேண்டும் என்ற பழைய கதைதான். 1996-இல் ஸ்டோக்கின் லூமர் ரோடு தடத்தை இரவல் வாங்கி, பெயரில் ஸ்டோக்கையும் சேர்த்துக்கொண்டு ஓட்டினார்கள். அந்த அணியில் இருந்த பில்லி ஹாமில் அதே ஆண்டு உலக சாம்பியன் ஆனார். உலக சாம்பியனே அணியில் இருந்தும் அடுத்த சீசனில் அணி இல்லை. ஆட்டம் சரியில்லாமல் அழிந்த அணி அல்ல அது. கால் ஊன்ற இடம் இல்லாமல் போன அணி.

அந்த அணி திரும்பி வர 2010 ஆயிற்று. ரசிகர்களின் விடாப்பிடியால் டட்லி ஹீதன்ஸ் என்று கீழ் டிவிஷனில் வந்தார்கள், பிற்பாடு கிரேட்லி என்ற பழைய பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பழைய போட்டிக்காரர்களான உல்வர்ஹாம்ப்டனின் மொன்மோர் கிரீனில் போய் ஓட்டினார்கள். இளம் ரைடர்கள் பலருக்கு அங்கே வாய்ப்புக் கிடைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அணியும் நிலைக்கவில்லை. வீடு கொடுத்த மொன்மோர் கிரீனிலேயே 2023-உடன் ஸ்பீட்வே நின்றுபோனது.

காரணம் மர்மம் ஒன்றுமில்லை. இரவல் ஸ்டேடியத்தில் மதுக்கூடம், உணவுக் கடை வருமானம் பெரும்பாலும் இடத்துக்காரருக்குத்தான் போகும். மேட்ச்சுக்கு அவர்கள் வைத்துக்கொண்டது போக மிஞ்சிய நாள்தான் கிடைக்கும். ஊரில் திங்கள் என்றால் ஸ்பீட்வே, சனி என்றால் ஸ்பீட்வே என்று தலைமுறையாகப் பழகிய ஜனங்களை, வேறு நாளில் வேறு ஊருக்கு அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள்? வயதானவர்கள் முதலில் நின்றுவிடுவார்கள். அடுத்து குழந்தைகள் உள்ள குடும்பங்கள்.

கிளாஸ்கோ டைகர்ஸ் 1987-இல் எல்லை தாண்டி இங்கிலாந்தின் வொர்க்கிங்டனில் போய் 'ஹோம்' ஓட்டிப் பார்த்தார்கள். சீசன் முடியும் முன்பே லீக்கை விட்டு விலக வேண்டியதாயிற்று. மறு ஆண்டே கிளாஸ்கோ பக்கம், ஷாஃபீல்டில் இடம் கிடைத்தது, அணி பிழைத்தது. எடின்பரோ மொனார்க்ஸ் இன்னும் நீண்ட அலைச்சல். 1970 காமன்வெல்த் போட்டிகளுக்காக ஓல்ட் மெடோபேங்கை இழந்து கோட்பிரிட்ஜுக்குப் போனார்கள், பிறகு அணியே இல்லாமல் கிடந்து 1977-இல் பவுடர்ஹாலில் உயிர்பெற்றார்கள், அதுவும் 1995-இல் போனது. 1996-ஐ ஷாஃபீல்டில் ஸ்காட்டிஷ் மொனார்க்ஸ் என்ற பெயரில் ஓட்டினார்கள். 1997-இல் ஆர்மடேல் கிடைத்ததும் எடின்பரோ என்ற பெயரோடு நிலைத்தார்கள். ஆர்மடேல் எடின்பரோவில் இல்லை, மேற்கு லோதியனில் ஒரு சிற்றூர். ஆனாலும் தங்கள் கிழமையில் தங்கள் மண்ணில் ஓட்ட முடிந்தது. இரவல் இடம் அவர்களுக்கு ஓராண்டுப் பாலமாக இருந்தது, அவ்வளவுதான். உன் கிளப் நிர்வாகத்திடம் நீ கேட்க வேண்டியதும் இதைத்தான்: இந்தப் பாலம் எங்கே போகிறது? ரைடர்தானே, இதெல்லாம் நமக்கெதற்கு என்று இருந்துவிடாதே.

ரைடர்கள், ரசிகர்களின் குரலுக்கு எடை உண்டு, தம்பி. கவன்ட்ரி பீஸ் 1928 முதல் ஸ்பீட்வே நடந்த பிராண்டன் ஸ்டேடியத்தை 2016-க்குப் பிறகு இழந்தார்கள். 2018-இல் லெஸ்டர் தடத்தில் ஒரு சீசன் ஓட்டினார்கள், பிறகு அதுவும் இல்லை. ஆனால் பிராண்டனில் வீடு கட்ட ரக்பி நகரசபை 2022-இல் அனுமதி மறுத்தது. நில உரிமையாளர் மேல்முறையீடு செய்தும் பலிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கூட்டங்களுக்குப் போய், ஆவணங்களைப் படித்து, ஆட்சேபம் எழுதிய ரசிகர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. பைக் இன்னும் அங்கே ஓடவில்லை என்பது வேதனைதான். இருந்தாலும் நிலம் கைவிட்டுப் போகவில்லை. நிலம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டைப் பார். ஸ்டேடியம் மூடிக் கிடந்த காலத்தில் நகரசபை அந்த இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு சீட்டாஸ் அதே சாண்டி லேனில் மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள்.

உன் அணியின் பழைய ஸ்டேடியத்துக்கும் இப்போது ஒரு திட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று அம்மா சொன்னார். விண்ணப்ப எண்ணையும் ஆட்சேபத்துக்கான கடைசித் தேதியையும் கிளப்பில் கேட்டு வாங்கு. ஆட்சேபம் எழுதும்போது பழைய பெருமையை ஒரு வரியோடு நிறுத்து. விண்ணப்பத்தை முடிவு செய்யும் குழுவுக்கு வேண்டியது வேறு: இந்த ஊரில் உன் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், பயிற்சிக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள், அருகில் மாற்றுத் தடம் உண்டா. உன் பெயரோடு, நீ அந்த அணியின் ரைடர் என்பதையும் எழுது. எழுதியதை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, ஆங்கிலத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
மாமா