பதினாறு வயதும் ஓட்டுநர் கல்வியும்

மலேசியாவில் 16 வயது நிரம்பியவர் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். 17 வயது நிரம்பியவர் மகிழுந்து உரிமம் பெறலாம். வாக்களிக்கும் உரிமையோ 18 வயதில்தான் கிடைக்கிறது. எனவே, நான்காம் படிவத்தில் பயிலும் மாணவர் ஒருவர் நாட்டின் தேர்தலில் பங்கெடுப்பதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, தம் உயிரையும் பிறர் உயிரையும் தம் கையில் ஏந்திச் சாலையில் இறங்க முடிகிறது. பல குடும்பங்களில் இது தேவையாகவும் இருக்கிறது. பேருந்து வசதி குறைந்த தோட்டப்புறத்திலும் புறநகர் வீடமைப்புப் பகுதிகளிலும் பள்ளிக்கும் கூடுதல் வகுப்புக்கும் செல்ல மோட்டார் சைக்கிளே துணை. ஆகவே, 'இளையோர் வண்டி ஓட்டலாமா?' என்று கேட்பதில் பயனில்லை. ஓட்டப்போகும் அவர்களுக்கு என்ன கற்பிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம்? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 29 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து. மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,152 பேர் சாலையில் உயிரிழந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் இந்த எண்ணிக்கை குறைந்தது; சாலைகள் மீண்டும் நிறைந்ததும் 2022இல் ஆறாயிரத்தைத் தாண்டியது. உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்களின் பின்னால் அமர்ந்து செல்வோரும் ஆவர். பதினாறு வயதில் முதலில் கைக்கு வரும் வாகனமும் அதுவே.

நாடு கைகட்டி நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகள் தலைக்கவசம் அணிவது 1973ஆம் ஆண்டு முதல் கட்டாயம். மகிழுந்தின் முன்னிருக்கையில் இருக்கைவார் அணிவது 1979இலும், பின்னிருக்கையில் 2009இலும் கட்டாயமாயின. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனித்தடம் 1970களில் அமைக்கப்பட்டது. பள்ளிகளிலும் சாலைப் பாதுகாப்புக் கல்வி மலாய்மொழிப் பாடத்தின் வாயிலாகப் புகட்டப்படுகிறது. இவையெல்லாம் உயிர்களைக் காத்துள்ளன. ஆனால், தலைக்கவசம் ஓட்டுநரின் தலையைக் காக்குமே தவிர அவருக்காக முடிவெடுக்காது.

உரிமம் பெற விரும்புவோர் முதலில் கோட்பாட்டு வகுப்பில் கலந்துகொள்கின்றனர். பின்னர்க் கணினித் தேர்வு. 50 வினாக்களில் 42க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். அடுத்து 'எல்' உரிமம், பயிற்சிக் களம், சாலைத் தேர்வு. பயிற்சிக் களத்தில் மகிழுந்து பயில்வோர் மேட்டில் நிறுத்தி எடுக்கவும், கோட்டுக்குள் நிறுத்தவும், குறுகிய இடத்தில் மூன்று கட்டமாகத் திருப்பவும் பழகுகின்றனர். மோட்டார் சைக்கிள் பயில்வோர் குறுகிய பலகையில் சாயாமல் செல்கின்றனர். கூம்புகளுக்கிடையே வளைந்து ஓட்டுகின்றனர். தேறியவருக்குக் கிடைப்பது 'பி' உரிமம். ஈராண்டு காலம் அது தகுதிகாண் உரிமமாகும். அக்காலத்தில் குற்றப்புள்ளிகள் வரம்பை எட்டினால் உரிமம் பறிபோகும்.

இவ்வளவையும் கற்ற ஒருவருக்கு இன்னும் கற்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பயிற்சிக் களத்தில் மழை பெய்தால் பயிற்சி நிற்கும். சாலையில் மழை பெய்தால் பயணம் தொடரும். கூம்பு நகராது; ஆனால், நிறுத்தியிருக்கும் மகிழுந்தின் கதவு திடீரெனத் திறக்கும். சந்திப்பில் இடப்பக்கம் திரும்பவிருக்கும் லாரி முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்கத்தில் வழி கிடைத்துவிட்டது என்று எண்ணும் இளைஞர் அந்த இடைவெளிக்குள் மோட்டார் சைக்கிளைச் செலுத்துவார். லாரியின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்புறமாகவே வளைந்து வரும் என்பதும், ஓட்டுநரின் கண்ணுக்கு அவ்விடம் எட்டாது என்பதும் அவருக்குத் தெரியாது. வண்டியைச் சாயாமல் ஓட்டத் தெரிந்தவர்தான் அவர். ஆபத்தை முன்கூட்டியே காணும் பழக்கம்தான் அவருக்கு வாய்க்கவில்லை. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு முதல் ஓட்டுநர் தேர்வில் இத்திறன் தனியே சோதிக்கப்படுகிறது. சாலைக்காட்சி ஒன்று திரையில் ஓட, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்திலேயே தேர்வர் அதைக் கண்டறிய வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் இளையோர் பலர் தவறான கணக்கே போடுகின்றனர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். தடையைக் கண்டு, மூளை முடிவெடுத்து, பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடுகிறது. அதன்பின் உலர்ந்த சாலையில் வாகனம் நிற்க இன்னும் 20 மீட்டர் அளவு தேவை. மொத்தம் 37 மீட்டர், அதாவது நான்கு வகுப்பறைகளின் நீளம். வேகம் 90 ஆனால், பாதி மட்டும் கூடுகிறது என்றே மனம் கணக்கிடும். ஆனால், நிற்கத் தேவையான தூரம் 70 மீட்டரை எட்டிவிடுகிறது. காரணம், பிரேக் போட்டபின் வாகனம் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. இயற்பியல் பாடத்தில் இயக்க ஆற்றலைப் படித்த மாணவருக்கு இது புதிதன்று. அந்தச் சூத்திரம் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது என்பதே வருத்தத்திற்குரியது. இதே கணக்கில், கைப்பேசித் திரையை இரண்டு விநாடி பார்ப்பவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவர் ஆகிறார்.

அப்படியானால் பயிற்சி மணிகளைக் கூட்டி, கடினமான உத்திகளையும் கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமா? நார்வே நாட்டின் பட்டறிவு இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. வழுக்கும் சாலையில் சறுக்கும் வாகனத்தைக் கட்டுப்படுத்த அங்குப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பயிற்சி அளிக்கப்பட்டது. விபத்து குறையும் என்று அனைவரும் எதிர்பார்த்தனர். 1980களில் வெளிவந்த ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. பயிற்சி பெற்ற இளம் ஆண்களிடையே வழுக்கும் சாலை விபத்துகள் கூடியிருந்தன. சறுக்கினாலும் சமாளித்துவிடலாம் என்ற துணிச்சல் அவர்களுக்கு வந்துவிட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது. அதன்பின் நார்டிக் நாடுகளில் அப்பயிற்சியின் நோக்கமே மாறியது. வழுக்கும் தரையில் வாகனம் தம் சொல்லைக் கேட்காது என்பதைப் பயில்வோர் நேரில் உணர்ந்துகொள்வதே இப்போது முதன்மை. திறமையைக் கற்பிப்பது எளிது. திறமையின் எல்லையைக் கற்பிப்பதுதான் கடினம்.

பதின்ம வயதில் இந்த எல்லை மங்கலாகத் தெரிவதற்கு உடலியல் காரணமும் உண்டு. விளைவை எண்ணிப் பார்த்து உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை முழு வளர்ச்சி அடைவதில்லை. உடன் நண்பர்கள் இருக்கும்போது துணிச்சல் இன்னும் பெருகும். மகிழுந்தில் ஏறும் இளம் பயணியர் எண்ணிக்கை கூடக் கூட, பதின்ம வயது ஓட்டுநர் உயிரிழக்கும் வாய்ப்பும் கூடுவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. தனியாகச் செல்லும்போது மஞ்சள் விளக்கைக் கண்டு நிற்பவர், பின்னால் தோழர் அமர்ந்திருக்கும்போது முறுக்கிச் செல்வதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பள்ளி வாயிலில் நின்றாலே போதும்.

நியூசிலாந்து 1987இல் படிநிலை உரிமத்தை அறிமுகப்படுத்தியது. அங்கு இரண்டாம் படியில் இருப்பவர், அனுபவமிக்கவர் அருகில் இல்லாமல் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்டக்கூடாது. நண்பர்களை ஏற்றிச் செல்லவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்டோர் தனியே ஓட்டும் உரிமம் பெறுமுன் 120 மணி நேரம் பெரியவர் துணையோடு ஓட்டிக் குறிப்பேட்டில் பதிவு செய்கின்றனர். மலேசியாவின் 'பி' உரிமத்தில் இத்தகைய இரவுத் தடையோ பயணியர் வரம்போ இல்லை. சட்டம் விட்ட இந்த இடைவெளியைக் குடும்பம் நிரப்பலாம். உரிமம் பெற்ற முதல் சில மாதங்களே ஆபத்து மிகுந்தவை என்பதால், அந்தக் காலத்திற்கென்று வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். முதலில் பகலில், பழகிய சாலையில், தனியாக. ஓரிரு மாதங்களுக்குப் பின் அப்பாவோ அக்காவோ உடன்வர மகிழுந்தில் மழைநேரப் பயணம்; அதன்பின் இரவுநேரப் பயணம். நண்பர்களை ஏற்றிச் செல்வது எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு அருகில் அமர்ந்து வழிகாட்ட யாராலும் இயலாது. அதனால், பள்ளிக்குச் செல்லும் வழியைப் பெற்றோரும் பிள்ளையும் ஒருமுறை சேர்ந்தே சென்று பார்ப்பது நல்லது. எந்தச் சந்திப்பில் லாரிகள் திரும்புகின்றன, எந்த வளைவில் மணல் கொட்டிக் கிடக்கிறது, கனமழை பிடித்தால் சாலையோரத்தில் நிற்காமல் எங்கே ஒதுங்கிப் பாதுகாப்பாகக் காத்திருக்கலாம் என்று பேசிக்கொண்டே செல்லலாம். அரைமணி நேரத்தில் முடியும் வேலை அது. எந்தப் பயிற்சிக் களமும் அந்த ஒரு சாலையைப் பற்றிச் சொல்லித்தருவதில்லை.