ஒரு பருவம் கடல் கடந்து: பரிமாற்ற மாணவரின் கணக்கு

விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் கல்லூரியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் பலர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இவ்வூர்கள் ஆந்திரத்திலேயே நின்றன. இங்கே இண்டர்மீடியட் முடித்துத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு இடமாற்றுச் சான்றிதழ் மட்டும் போதுவதில்லை. இடப்பெயர்வுச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ் என ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஓரிடத்தில் கற்றதை மற்றோர் இடம் ஏற்றுக்கொள்வது தானாக நடந்துவிடாது என்பதை இப்பகுதிப் பெற்றோர் நன்கறிவர். மகனோ மகளோ பரிமாற்ற மாணவராக வெளிநாடு செல்லப்போவதாகக் கூறும்போது, இந்த அறிவே அவர்களுக்கு முதல் துணையாகும்.

வெளிநாட்டில் முழுப் பட்டம் பெறச் செல்பவர் வேறு. பரிமாற்ற மாணவர் வேறு. பின்னவர் இந்நாட்டுக் கல்லூரியின் மாணவராகவே இருக்கிறார். இரு கல்வி நிறுவனங்களுக்கிடையே உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி ஒரு பருவமோ ஓர் ஆண்டோ அங்கே பயின்று திரும்புகிறார். பட்டத்தை வழங்குவது இங்குள்ள பல்கலைக்கழகமே. ஆகவே அங்கே எழுதிய தேர்வுகள் இங்குள்ள மதிப்பெண் பட்டியலில் ஏறுமா என்பதைப் பொறுத்தே அப்பருவம் ஆதாயமா இழப்பா என்பது முடிவாகும்.

இக்கேள்வியால் அல்லலுற்ற ஒரு பெண்மணியின் வரலாறு அறியத்தக்கது. இத்தாலியைச் சேர்ந்த சோஃபியா கொர்ராடி ரோம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று வந்தார். 1957இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்று முதுகலைப் படிப்பை முடித்தார். ஊர் திரும்பி, அங்கே பயின்ற பாடங்களைத் தம் கணக்கில் சேர்க்குமாறு கேட்டபோது பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. ஏளனமும் எஞ்சியது. அவர் பட்டத்தை முடித்தார். ஆனால் அந்த அவமதிப்பை விட்டுவிடவில்லை. 1969 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். 1987இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் சென்றனர். இன்றுவரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் அதனால் பயனடைந்துள்ளனர். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுச் சேர்ந்த இந்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவருக்கும் இன்று அதில் இடமுண்டு.

அத்திட்டம் கற்றுத்தரும் நடைமுறை எளியது. புறப்படுமுன் கல்வி உடன்படிக்கை ஒன்று எழுதப்படுகிறது. அங்கே எந்தெந்தப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரெடிட், அவை இங்கே எந்தப் பாடத்திற்கு ஈடாகும் என்பதில் மாணவரும் இரு கல்வி நிறுவனங்களும் கையெழுத்திடுகின்றனர். ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு பருவத்திற்கு 30. நம் நாட்டின் கிரெடிட் கணக்கு வேறு அளவுகோலில் அமைந்தது. எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘கல்விக் கிரெடிட் வங்கி’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பெயரில் வங்கி இருப்பதால் நமக்கு அதன்மீது தனிப் பரிவு உண்டு. ஆயினும் வைப்புத்தொகையைப் போல் எவரும் எதையும் அதில் செலுத்திவிட முடியாது. கல்வி நிறுவனம் ஏற்றுப் பதிவு செய்தாலன்றிக் கணக்கில் வரவு ஏறாது. துறைத்தலைவரின் வாய்மொழி இசைவோடு பலர் நின்றுவிடுகின்றனர். தேர்வுப் பிரிவின் எழுத்துவழி ஒப்புதலும் கையில் வந்த பின்னரே விமானச் சீட்டு வாங்குவது நலம்.

கொர்ராடி பெற்ற ஃபுல்பிரைட் உதவி, 1946இல் அமெரிக்கா தன் போர்க்கால உபரிப் பொருள்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்திற்குத் திருப்பிய சட்டத்தால் வந்தது. இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தாயிற்று. பிரதமர் நேருவே ஒப்பமிட்டார். மறு ஆண்டே மற்றொன்றும் நிகழ்ந்தது. உணவுப் பஞ்சத்தில் தவித்த இந்தியாவுக்கு அமெரிக்கா கோதுமை வாங்க 19 கோடி டாலர் கடன் அளித்தது. அக்கடனுக்கு நாம் செலுத்திய வட்டியில் 50 இலட்சம் டாலர் வரை நூல்களுக்கும் ஆய்வுக்கருவிகளுக்கும் இரு நாட்டு அறிஞர் பரிமாற்றத்திற்கும் ஒதுக்கப்பட்டது. வட்டியை இவ்வாறு செலவிட்ட கடன்கள் உலகில் மிகச் சிலவே என்று நமக்குத் தோன்றுகிறது.

இனிக் குடும்பக் கணக்குக்கு வருவோம். ‘அங்கே கல்விக் கட்டணம் இல்லை’ என்ற செய்தியைச் ‘செலவில்லை’ என்று பொருள்கொள்வோர் உண்டு. பரிமாற்ற ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மாணவர் இங்குள்ள கல்லூரிக்கே கட்டணத்தைச் செலுத்துவார். அங்கே கட்டணம் கேட்கமாட்டார்கள். உறைவிடம், உணவு, பயணம், விசா, மருத்துவக் காப்பீடு யாவும் நம் பொறுப்பு. ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். உதவித்தொகை பெறாத மாணவர் தம் வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் இட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது மாதம் 992 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. ஐந்து மாதங்களுக்கு 4,960 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் எனக் கொண்டால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ரூபாய். இத்தொகை செலவாகிவிடுவதில்லை, மாதந்தோறும் மாணவருக்கே திரும்பக் கிடைக்கும். ஆனால் புறப்படுமுன்பே முழுவதும் கையில் இருந்தாக வேண்டும். விசைத்தறியை நம்பி வாழும் நகரிக் குடும்பத்திற்கு மொத்தச் செலவைவிட இந்த ‘முன்பே’ என்ற சொல்லே பெருஞ்சுமை.

இங்கேதான் கல்விக்கடன் பற்றிய கேள்வி எழுகிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான கடனுக்கு அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் அடிப்படை. பரிமாற்ற மாணவரிடம் இருப்பதோ அழைப்புக் கடிதம் மட்டுமே. அவர் சேர்க்கை இந்தியாவில். எனவே புதிதாக வெளிநாட்டுக் கடன் கேட்பதைவிட, நடப்பில் உள்ள கல்விக்கடனில் இச்செலவையும் சேர்க்க இயலுமா என்று கடன் வழங்கிய கிளையில் கேட்பதே முறை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான கல்விப் பயணம், செய்முறைத் திட்டம் போன்ற செலவுகளுக்கும் இடமுண்டு. பரிமாற்றப் பருவம் பட்டப்படிப்பின் ஒரு பகுதியே என்று கல்லூரி எழுதித் தந்தால் கிளை மேலாளரால் பரிசீலிக்க முடியும். மேலே சொன்ன கல்வி உடன்படிக்கை இங்கும் பயன்படுவதைக் காண்க. 4 இலட்சம் ரூபாய் வரை மார்ஜின் எனப்படும் சொந்தப் பங்கு தேவையில்லை என்பதும், மொத்தக் கடன் 7.5 இலட்சத்தைத் தாண்டினால் பிணையம் கேட்கப்படலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பணத்தை அனுப்பும் முறையில் அச்சம் வேண்டா. ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண்ணும் உரிய விண்ணப்பமும் போதும். 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாய் வரை அனுப்புவோரிடம் டி.சி.எஸ். எனும் முன்வரி பிடிக்கப்படுவதில்லை. வங்கியில் பெற்ற கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் அவ்வரம்பும் இல்லை. ஒரு பருவச் செலவு பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். அன்றாடச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு வசதியானது. அதை இருவர் பயன்படுத்தும்படி இரண்டாம் கார்டும் கேட்டுப் பெறலாமா என வினவுக. சில்லறைக்கு மட்டும் கையில் கொஞ்சம் நோட்டுகள்.

விசா வகையிலும் கவனம் தேவை. அமெரிக்காவுக்கு முழுப் பட்டம் பெறச் செல்வோர் பெரும்பாலும் எஃப்-1 விசாவிலும், பரிமாற்ற மாணவர் ஜே-1 விசாவிலும் செல்கின்றனர். அரசு நிதியுதவி பெற்று ஜே-1இல் சென்றவர், படிப்பு முடிந்தபின் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் வாழ்ந்த பின்னரே அங்கே குடியேறவோ சிலவகை வேலை விசா பெறவோ முடியும் என்ற விதி உண்டு. ஐரோப்பாவிலோ, 90 நாள்களுக்கு மேற்பட்ட தங்கலுக்குக் குறுகியகால ஷெங்கன் விசா செல்லாது. அந்தந்த நாட்டின் நீண்டகால விசாவே வேண்டும். அதைப் பெறுவதற்கான நேர்காணல் நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். அழைப்புக் கடிதம் வந்த அன்றே பதிவு செய்வது நல்லது.

திரும்பியதும் மூன்று வேலைகள். அங்கே பெற்ற மதிப்பெண் பட்டியலின் மூலப்படியைத் தேர்வுப் பிரிவில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறவேண்டும். கடன் வாங்கியிருந்தால் பருவம் முடிந்த சான்றினைக் கிளையில் சேர்க்கவேண்டும். மீந்த வெளிநாட்டுப் பணத்தை 180 நாள்களுக்குள் வங்கியில் மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டுகளை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நாணயங்களுக்கு வரம்பே கிடையாது.