மலைத்தோட்டங்களின் நண்பன் பெரிய இருவாட்சி

காப்பி, ஏலம், மிளகு பயிரிடும் மலைத்தோட்ட விவசாயிகள், நீராவி இரயில் மூச்சு விடுவது போன்ற ஓசையைத் தலைக்கு மேலே கேட்டிருப்பார்கள். அது பெரிய இருவாட்சியின் சிறகோசை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இப்பறவையின் மஞ்சள் அலகின் மேல் மற்றோர் அலகு கவிழ்ந்தாற் போன்ற கொண்டை உண்டு. எனவே இதனை இருவாய்ச்சி என்றும் அழைப்பர்.

வாழிடம்

மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா ஆகிய பகுதிகளில் உயர்ந்த பழைய மரங்களுள்ள காடுகளில் இது வாழ்கிறது. தமிழ்நாட்டில் ஆனைமலைப் பகுதியில் காணலாம். வால்பாறையில் காட்டை ஒட்டிய காப்பித் தோட்டங்களுக்கும் வந்து செல்கிறது.

உணவு

ஆல், அத்தி இனப் பழங்களே முக்கிய உணவு. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போன்றவற்றின் கனிகளையும் விழுங்கும். பெரிய விதைகளைத் தொலைவிற்குக் கொண்டுசென்று உமிழ்வதால், யாரும் நடாமலே காடு வளர்கிறது.

இனப்பெருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடையை ஒட்டிய மாதங்களில் குஞ்சு பொரிக்கும். இதனால் பொந்து குடைய இயலாது. இயற்கையாக உண்டான பொந்தையே நாடும். பெண் பறவை உள்ளே சென்று, தன் எச்சத்தைக் கொண்டு வாயிலை அடைத்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டுவிடும். ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இடும். அடைகாக்கும்போது அதன் சிறகிறகுகள் உதிர்ந்து முளைக்கும். அதுவரை ஆண் பறவையே பிளவின் வழியே உணவூட்டும். ஆணைக் கொன்றால் உள்ளே உள்ளவையும் பட்டினியால் மடிய நேரிடும்.

விவசாயிகள் கவனிக்க

1. பொந்துள்ள முதிய மரங்களைப் பயனற்றவை என்று வெட்டக் கூடாது. அத்தகைய பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

2. நிழலுக்குச் சில்வர் ஓக் மரத்தை மட்டும் நடாமல், அத்தி, இத்தி, குங்கிலியம் போன்ற நாட்டு மரங்களையும் இடையிடையே வளர்க்கவும்.

3. கூடுள்ள மரத்தினருகே கூட்டமாகச் செல்லுதல், ஓசை எழுப்புதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

4. இப்பறவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வேட்டையாடுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

கேரளத்தின் வாழச்சால் காட்டில், முன்பு குஞ்சுகளை எடுத்துவந்த காடர் மக்களே இன்று கூடுகளைக் காவல் காக்கின்றனர். அவர்களால் இயன்றது நம்மாலும் இயலும். மண்ணையும் நீரையும் காப்பது காடு. அக்காட்டின் விதைகளைச் சுமப்பது இருவாட்சி. ஒரு பழைய மரத்தை விட்டுவைப்பது நம் தோட்டத்திற்கே நன்மை பயக்கும்.